அகாடியக் குடும்ப இசையும் ஆட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த ‘பாரஷ்வா’ என்ற நால்வர் குழுவை நடுவில் வைத்து, அகாடியர்களின் இசையையும் நடனத்தையும் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

அகாடியர்கள் என்பவர்கள் யார்? அவர்கள் கியூபெக் பிரெஞ்சுக்காரர்களா?

இல்லை. இருவரும் பிரெஞ்சு பேசுவோர்தாம் என்றாலும் வரலாறு வேறு. 1604-ல் பிரான்சிலிருந்து வந்தவர்கள் இன்றைய கனடா–அமெரிக்க எல்லையருகே ஒரு சிறு தீவில் தங்கிக் கடுங்குளிரில் பலரை இழந்து, மறு ஆண்டு, இன்று கனடாவின் மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் போர்-ரோயாலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்து வந்த தலைமுறைகள் கடலோரச் சதுப்பு நிலங்களில் மண்கரை எழுப்பி, ஓதநீரைத் தடுத்து வெளியேற்றி, வளமான வயல்களை உண்டாக்கிக்கொண்டன. 1713-ல் அகாடியா எனப்பட்ட அந்த நிலப்பகுதி பிரிட்டனின் கைக்குப் போயிற்று. நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததைக் காரணம் காட்டி, 1755 முதல் 1763 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அகாடியர்களைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். இன்று பிரின்ஸ் எட்வர்ட் தீவு எனப்படும் இடத்துக்கு 1758-ல் அதே கதி நேர்ந்தது. அங்கிருந்து ஏற்றப்பட்டவர்களைச் சுமந்த ‘டூக் வில்லியம்’, ‘வயலெட்’ என்ற இரு கப்பல்களும் அந்த ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக்கில் மூழ்கின, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

தப்பியவர்களும் திரும்பி வந்தவர்களும் தீவின் மால்பெக் பகுதியில் மறுபடியும் குடியமர்ந்தார்கள். ஆனால் 1767-லேயே பிரிட்டிஷ் அரசு தீவு முழுவதையும் துண்டுகளாக்கிச் சீட்டுக் குலுக்கி நிலக்கிழார்களுக்குக் கொடுத்திருந்தது. குத்தகைத் தொல்லை தாங்காமல் சில குடும்பங்கள் 1812-ல் மேற்கே எக்மான்ட் வளைகுடாவுக்கு நகர்ந்தன. இன்று எவான்ஜெலின் வட்டாரம் என்று அழைக்கப்படும் ஆப்ராம்-வில்லேஜ், மோன்-கார்மெல் முதலிய ஊர்கள் இருப்பது அங்கேதான். இங்கே பேசப்படும் இசையின் ஊரும் அதுவே.

‘குடும்பத்தில் வேரூன்றிய குழு’ என்று ஏன் சொல்கிறார்கள்? விளம்பரத்துக்கான சொல்லா?

பல இடங்களில் அது விளம்பரச் சொல்தான் என்பதை மறுக்கத் தேவையில்லை. பாரஷ்வா விஷயத்தில் அது வெறும் தகவல். குழுவிலிருந்த அல்பேர் ஆர்சனோவும் எலென் ஆர்சனோ பெர்ஜரோனும் உடன்பிறந்தவர்கள். தீவின் புகழ்பெற்ற வயலின் கலைஞர் எடி ஆர்சனோவின் பிள்ளைகள். எடி எழுபது வயதைக் கடந்த பிறகே, 1993-ல், அவருடைய வாசிப்பு தனித் தொகுப்பாக வெளிவந்தது. அதற்குள் அவர் கைவரிசையைப் பல பத்தாண்டுகளாக வட்டாரத்து ஆட்டக்காரர்கள் தங்கள் கால்களால் அறிந்திருந்தார்கள்.

அங்கே இசை கற்பது என்றால் ஆசிரியரிடம் போய் அமர்வதல்ல. தந்தை சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறார். ஒரு பிள்ளை கிடாரில் சுருதிக்கட்டு போடுகிறது. இன்னொன்று பியானோவில் துணை வருகிறது. எதுவும் வாசிக்கத் தெரியாத கடைக்குட்டி தரையில் ஆடுகிறது. இசைக்குறிப்பு எழுதிய தாள் கிடையாது. காதில் விழுந்ததைக் கை தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு மெட்டின் பெயரைக் கேட்டால் “அது அப்பாவின் மெட்டு” என்பதே விடையாக வருவதும் உண்டு.

சமையலறைக்கு இதில் இடம் கிடைத்தது தற்செயல் அல்ல. அட்லாண்டிக் குளிர்காலத்தில் விறகடுப்பு எரியும் அறையே வீட்டில் கதகதப்பானது. மேசையைச் சுவரோரம் தள்ளினால் மரத்தரை ஆட்டக்களமாகிவிடும். மாலையில் அண்டை வீட்டார் கூடிப் பாடி ஆடும் இந்தக் கூட்டத்தை அகாடியர்கள் ‘வெய்யே’ என்பார்கள்.

பாரஷ்வா என்றால் என்ன பொருள்?

மணல்திட்டு ஒன்று குறுக்கே விழுந்து கடலிலிருந்து பிரித்த, ஆழமில்லாத நீர்ப்பரப்பு. நாம் காயல் என்போமே, ஏறத்தாழ அது. அட்லாண்டிக் கனடாவின் கரையெங்கும் இந்தப் பெயரில் இடங்கள் உண்டு. பிரெஞ்சு மாலுமிகள் போன வழியில் மொரீஷியஸிலும் டியேகோ கார்சியாவிலும்கூட இதே சொல் வழங்குகிறது.

நால்வருக்கும் ஆர்சனோ என்றே பெயர் இருக்கிறதே, எல்லாரும் உடன்பிறந்தவர்களா?

அல்பேரும் எலெனும் மட்டுமே. வயலின் வாசித்த லூயீஸ் ஆர்சனோவும், கிடாரும் பித்தளைக் கருவிகளும் வாசித்த சக் ஆர்சனோவும் அந்த வீட்டுப் பிள்ளைகள் அல்லர். 17-ஆம் நூற்றாண்டில் அகாடியாவுக்கு வந்த பியேர் ஆர்சனோ என்ற ஒருவரின் வழியில் பெருகிய பெயர் இது. எவான்ஜெலின் வட்டாரத்தில் ஆர்சனோ, காலான் என்ற இரண்டு பெயர்களைச் சொல்லி அழைத்தால் அறையில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

உட்கார்ந்துகொண்டே காலால் தட்டுகிறார்களே, அது என்ன?

அகாடிய இசைக்கு மத்தளம் அதுதான். வயலின் வாசிப்பவர் நாற்காலியின் முன்விளிம்பில் நிமிர்ந்து உட்காருகிறார். இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிகின்றன. ஒரு காலின் குதி இறங்கும்போது தாளத்தின் அழுத்தம் விழுகிறது. அதே காலின் முன்பாதமும் மறு காலும் இடைவெளியிலுள்ள இரண்டு சிற்றொலிகளை நிரப்புகின்றன. காதுக்கு ‘டக்–டகு, டக்–டகு’ என்று ஓடும் குதிரையின் குளம்படிபோல் கேட்கும். எந்தக் கால் முதலில், குதியா விரலா என்ற வரிசை ஆளுக்கு ஆள் மாறும். வீட்டுக்கு வீடு மாறும் என்பதே இன்னும் சரி, ஏனென்றால் பிள்ளைகள் பார்த்துப் படிந்தது தம் வீட்டுப் பெரியவரின் காலைத்தான்.

இது எழுந்த காரணம் எளியது. இருபது பேர் ஆடும் சமையலறையில் வயலின் ஒன்றே ஒன்று. மத்தளம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆடுவோரின் காலோசையில் வயலின் அமுங்கிப் போகும்போது, வாசிப்பவரின் கால் தரை வழியாகத் தாளத்தைக் கடத்தியது. மரத்தரையே தோற்கருவி ஆயிற்று. காதுக்கு எட்டுவதற்கு முன் பாதத்துக்கு எட்டிய தாளம் அது.

மேடைக்கு வந்தபோது தரை காங்கிரீட்டாகவோ கம்பளம் விரித்ததாகவோ இருப்பதால், இந்தக் குழுக்கள் ஒட்டுப்பலகை ஒன்றை உடன் கொண்டுபோய், அதன்மேல் கால் வைத்து, பக்கத்தில் ஒலிவாங்கியைப் பொருத்திக்கொள்கின்றன. காலணியின் அடிப்பாகம் தோலாலோ கெட்டியான பொருளாலோ ஆனதாக இருக்க வேண்டும். ரப்பர் அடிப்பாகம் ஓசையை விழுங்கிவிடும். வயலினுக்கு வில் எப்படியோ, அப்படித்தான் இவர்களுக்குச் செருப்பு.

வாசிப்பவர் எழுந்து ஆடும் நடனம் எப்படிப்பட்டது?

அதைக் காலடி நடனம் எனலாம். உடம்பு நிமிர்ந்து நிற்கும். கைகள் தளர்ந்து பக்கவாட்டில் தொங்கும். வேலை முழுவதும் முழங்காலுக்குக் கீழேதான். பாதம் தரையைவிட்டு அதிகம் எழாது. நன்றாக ஆடுபவர் அதிகம் இடம்பெயர மாட்டார். சமையலறை நெருக்கத்தில் பிறந்த ஆட்டத்துக்கு அதுவே இயல்பு.

மெட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஆட்டம் புரியும். ரீல் எனப்படும் வேகமான ஆட்ட மெட்டுகளில் பெரும்பாலானவை இரு பகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு பகுதியும் எட்டு அளவைகள், அதாவது எட்டுத் தாளக் கட்டங்கள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசிக்க 32 அளவைகளில் ஒரு சுற்று முடியும். ஆடுபவர் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அடவைப் பொருத்தி, பகுதி மாறும் இடத்தில் அடவையும் மாற்றுவார். வயலின்காரர் ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்குத் தாவி, சுருதியும் மாறும் நொடியில் கூட்டத்திலிருந்து ஒரு கூவல் எழும். அது பதிவுகளில் கேட்டால் கலைந்த சத்தமாகத் தோன்றலாம். உண்மையில் அது மெட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

இதைத் தவிர, நான்கு இணைகள் சதுரமாக நின்று ஆடும் கூட்ட ஆட்டமும் உண்டு. அதில் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் இணை மாறிச் சுழல்வார்கள்.

பாரஷ்வாவின் மேடையில் இவையெல்லாம் தனித்தனி நிகழ்ச்சிகளாக வரவில்லை. எலென் பியானோவை விட்டு எழுந்து ஆடுவார். வாசித்துக்கொண்டிருப்பவரின் காலும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அல்பேர் வீட்டில் கிடக்கும் பொருட்களைத் தாளக் கருவியாக்குவார். கால்மிதி ஆர்கனும் மோர்சிங் போன்ற தாடைவீணையும் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியும் ஒரே பாட்டில் சந்தித்துக்கொள்ளும். நடுநடுவே கோமாளித்தனமும் நாடகமும் நிறைய. நாட்டார் இசை என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பயபக்தியுடன் அமர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது சற்று அதிர்ச்சியாக இருந்திருக்கும். என் கருத்தில் அந்தச் சிரிப்பே அவர்களுடைய நேர்மை. ஏனென்றால் அகாடிய வீட்டுக் கூட்டம் ஒருபோதும் கச்சேரி மண்டபமாக இருந்ததில்லை.

பாடல்கள் எப்படிப்பட்டவை?

மூன்று வகைகளைப் பிரித்தறிவது நல்லது.

முதலாவது, முன்பாட்டும் பின்பாட்டுமாக வரும் பாடல்கள். ஒருவர் ஒரு அடியைப் பாட, அறையிலுள்ள அனைவரும் அதைத் திருப்பிப் பாடுவார்கள். புதிதாக வந்தவரும் இரண்டாவது சுற்றிலேயே சேர்ந்துகொள்ளலாம். குடியும் விருந்தும் காதலும் கேலியும் இவற்றின் பொருள். பல பாடல்களின் மூலம் மேற்குப் பிரான்சில் இருக்கிறது.

இரண்டாவது வகை கொம்ப்ளேன்ட் எனப்படும் நீண்ட ஒப்பாரிக் கதைப்பாடல். பக்கவாத்தியம் இன்றி, ஒரே ஆள், பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு பாடுவது. கடலில் மூழ்கியவர், மரவெட்டு முகாமில் அடிபட்டு இறந்தவர், கொலையுண்டவர் என்று அந்தந்த ஊரில் நடந்த சாவையே உள்ளூர்ப் பாடகர் பாட்டாக்கிவிடுவார். செய்தித்தாள் எட்டாத ஊர்களில் இதுவே செய்தியும் இரங்கலும். தீவின் இத்தகைய பாடல்களைப் பாடிய முதியவர்களைத் தேடிச் சென்று ஒலிப்பதிவு செய்த நாட்டார் வழக்காற்றியலாளர் ஜார்ஜ் ஆர்சனோ, 1980-ல் அவற்றை நூலாகவும் ஆக்கினார். அந்த உழைப்பு இல்லையென்றால் பாடகரோடு பாடலும் மண்ணுக்குள் போயிருக்கும்.

மூன்றாவதுதான் கேட்பவரை மிகவும் வியக்கவைப்பது: வாயால் வாசிக்கும் இசை. வயலின் இல்லாத இடத்திலும், வாசிப்பவர் வராத இரவிலும், ஆட்டம் நிற்கக் கூடாது என்பதற்காக ஒருவர் பொருளற்ற அசைகளால் ரீல் மெட்டை அப்படியே பாடுவார், கால் தாளம் போடும், மற்றவர்கள் ஆடுவார்கள். வில் ஏறி இறங்கும் இடங்களை நாக்கு போலச் செய்கிறது. மூச்சு எடுக்க இடமே கொடுக்காத மெட்டுகள் அவை என்பதால், இரண்டு பேர் சேர்ந்து பாடி மாறிமாறி மூச்சு வாங்கிக்கொள்வது வசதி.

இது ஐரிஷ் இசைபோலவே ஒலிக்கிறதே?

மெட்டுகளைப் பொறுத்தவரை அந்தக் காது தவறில்லை. பிரின்ஸ் எட்வர்ட் தீவிலும், நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவிலும் அகாடியர்களின் அண்டை வீட்டார் ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்கள். மதமோ மொழியோ வேலி போட்டிருந்தாலும் மெட்டு வேலி தாண்டும். பிறகு வானொலி வந்தது: 1930-களின் இறுதியிலிருந்து தீவின் தலைநகரான சார்லட்டவுனில் வயலின்காரர் டான் மெஸ்ஸரின் குழு வாசித்ததும், 1943-ல் தொடங்கிய நோவா ஸ்கோஷியாவின் ஆன்டிகோனிஷ் வானொலி நிலையம் கேப் பிரெட்டன் வயலின்காரர்களை ஒலிபரப்பியதும், மீனவர் வீட்டுச் சமையலறை வரை புது மெட்டுகளைக் கொண்டுசேர்த்தன. ஆகையால் எவான்ஜெலின் வட்டார வயலினில் ஸ்காட்டிஷ் ரீல்கள் ஏராளம்.

வேறுபாடு எங்கே என்றால், மேலே சொன்ன காலில், வில்லை முன்னும் பின்னுமாகச் சிறு துண்டுகளாக இழுத்து மெட்டைத் துள்ளவிடும் அழுத்தத்தில், பாட்டின் மொழியில். மெட்டு அண்டை வீட்டிலிருந்து வந்திருக்கலாம், பாட்டு பிரான்சிலிருந்து வந்தது, தாளம் தம் வீட்டுத் தரையிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொன்னால் பெரும்பாலும் பொருந்தும்.

எந்தெந்த நாட்களில் இசையும் ஆட்டமும் நடந்தன?

கத்தோலிக்க நாட்காட்டியே அவர்களுக்குப் பருவம். பிப்ரவரி 2-ஆம் நாள் வரும் கேண்டில்மஸ் என்ற மெழுகுவர்த்தித் திருநாளை ஒட்டி, உச்சியில் சேவல் வைத்த கோலுடன் வீடு வீடாகச் சென்று, ஆடிப் பாடி மாவும் இறைச்சியும் திரட்டி, பிறகு ஊரோடு விருந்துண்ணும் வழக்கம் இருந்தது. நாற்பது நாள் தவக்காலத்தில் ஆட்டம் கூடாது. அதன் நட்டநடுவில் மட்டும் முகமூடி அணிந்து வீடுகளுக்குப் போய், தம்மை இன்னார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடும் ‘மி-காரேம்’ வரும். கேப் பிரெட்டனின் ஷெட்டிகாம்பில் இது இன்றும் நடக்கிறது. நடனத்தைப் பங்குத்தந்தையர் கண்டித்த காலங்களும் உண்டு. கண்டிக்க வேண்டிய அளவுக்கு நடந்தது என்றுதான் அதிலிருந்து தெரிகிறது.

ஆகஸ்ட் 15 அகாடியர்களின் தேசிய நாள். 1881-ல் நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மெம்ராம்குக்கில் கூடிய அகாடியர் மாநாட்டில் அந்த நாளையும், 1884-ல் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் மிஸ்கூஷில் கூடியபோது, பிரெஞ்சு மூவண்ணத்தில் பொன் விண்மீன் பதித்த கொடியையும் தேர்ந்தார்கள். அன்று சட்டி, பானை, கரண்டி, ஊதுகுழல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டியும் ஊதியும் தெருவில் போகும் ‘டான்டமார்’ ஊர்வலம் உண்டு. நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று சத்தம் போட்டுச் சொல்வதற்காகவே ஏற்பட்ட ஊர்வலம் அது. எவான்ஜெலின் வட்டாரத்துக்கென்று, செப்டம்பர் தொடக்கத்துத் தொழிலாளர் தின வாரயிறுதியில் ஆப்ராம்-வில்லேஜில் வேளாண் கண்காட்சியும் அகாடிய விழாவும் சேர்ந்தே நடக்கின்றன.

பிரெஞ்சு மொழி இல்லாமல் இந்த இசை நிற்குமா?

வயலின் நிற்கும், பாட்டு நிற்காது. தீவில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இன்று நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. சம்மர்சைடு நகரில் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி வேண்டும் என்று பெற்றோர் கேட்டபோது, ஆப்ராம்-வில்லேஜுக்குப் பேருந்து விடுகிறோம் என்று அரசு சொன்னது. ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2000-ல் பெற்றோருக்குச் சாதகமாக முடிந்தது. இசையைப் பற்றிய பக்கத்தில் இந்த வழக்கு எதற்கு என்று தோன்றலாம். பின்பாட்டுக்கு ஆள் வேண்டும். பாட்டி பாடும் அடியின் பொருள் பேரனுக்குப் புரியாத வீட்டில் அந்த அடி திரும்பி வராது.

பாரஷ்வா இப்போதும் இருக்கிறதா? அவர்களுக்குப் பின் யார்?

1990-களின் நடுவில் சேர்ந்த நால்வரும் கனடாவைத் தாண்டி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல மேடைகள் ஏறி, 2003-ல் குழுவைக் கலைத்தார்கள். அதே வட்டாரத்திலிருந்து வந்த இரட்டைச் சகோதரிகள் எம்மானுவெல், பாஸ்டெல் லெப்லான், மாக்டலென் தீவுகளைச் சேர்ந்த வயலின்காரர் பாஸ்கால் மியூஸ் ஆகியோர் சேர்ந்த ‘விஷ்டென்’ குழு அந்த இடத்தைப் பெருமளவு நிரப்பியது. சகோதரிகள் தம்மிடையே அக்கார்டியன், பியானோ, குழல் ஆகியவற்றைப் பகிர்ந்து வாசிப்பார்கள். பாடிக்கொண்டே அருகருகே அமர்ந்து நான்கு கால்களால் ஒரே தாளத்தை நெய்வார்கள். ஒரே வீட்டில் ஒரே நாளில் பிறந்தவர்களின் காலொலியில் இருக்கும் ஒத்திசைவை ஒத்திகையால் மட்டும் கொண்டுவருவது கடினம்.

லூசியானாவின் கேஜன் இசையும் இதுவும் ஒன்றா?

உறவு உண்மை, ‘கேஜன்’ என்ற சொல்லே ‘அகாடியன்’ என்பதன் தேய்ந்த வடிவம். நாடு கடத்தப்பட்டவர்களில் ஒரு பிரிவினர் இன்றைய அமெரிக்காவின் தெற்கிலுள்ள லூசியானாவைச் சென்றடைந்தார்கள். ஆனால் அங்கே அக்கார்டியனும் கருப்பின கிரியோல் மக்களின் இசையும் சேர்ந்து வேறொரு தாளத்தை உருவாக்கின. உட்கார்ந்து காலால் தட்டுவதற்குப் பதிலாக அங்கே இரும்பு முக்கோணம் ஒலிக்கிறது. குடும்பம் மட்டும் இரண்டு இடத்திலும் மாறவில்லை: லூசியானாவின் மிகப் பெயர்பெற்ற குழுக்களில் ஒன்று பால்ஃபா சகோதரர்கள். 1964-ல் அந்தச் சகோதரர்களில் ஒருவரான டூவி பால்ஃபா, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் வாசித்துத் திரும்பிய பின்னரே, தம் இசையைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்கு இருந்த கூச்சம் விலகத் தொடங்கியது.

நிகழ்ச்சிக்குப் போகிறேன், கைதட்டித் தாளம் போடலாமா?

தாராளமாக. ஆனால் மேடையிலுள்ள காலை முதலில் ஒரு சுற்று கேட்டுவிட்டு, அதோடு தட்டுங்கள். கூட்டம் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டினால் ஆடுபவருக்குத்தான் மூச்சு வாங்கும். கொம்ப்ளேன்ட் பாடும்போது மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.